சுருக்குப் பை தைக்கலாம் வாங்க



வெத்திலை, சுண்ணாம்பு டப்பா, சந்தைக்குப் போற காசு எல்லாத்தையும் நம்ம அம்மிச்சிமார் இடுப்பில் சொருகிய சுருக்குப் பையில்தான் வைத்திருந்தாங்க. உள்ளே தனித்தனி அறை கூட இருக்கும்.

சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலும் இதே கதைதான். உடுப்பில் பை வைத்துத் தைக்கும் வழக்கம் இல்லாததால், ஆணும் பெண்ணும் தோல் பையை இடுப்பு வாரில் தொங்க விட்டார்கள். தோலில் நூல் பிரியாது. வாயைச் சுற்றி ஓட்டை போட்டுக் கயிறு கோர்த்தால் போதும். ஆனால் வெளியே தொங்கியதால் திருடர்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினார்கள். நம்ம பை சேலைக்குள் பத்திரமா இருக்கும்!

துணிக்கு ஓட்டை போட்டால் பிரிந்துவிடும். அதனால் வாயை மடித்துத் தைத்து, கயிறு ஓட வழி விடணும். ஒரே கயிறு போட்டால் முடிச்சுப் போடணும். இரண்டு கயிறு போடுங்க: ஒன்று இடது ஓரம் நுழைந்து சுற்றி வந்து இடதிலேயே வெளிவரணும், மற்றது வலதில். இரண்டையும் இழுத்தால் வாய் கெட்டியா மூடிக்கும்.

நம்ம அருள்புரம் பக்கம் பனியன் கட்டிங் பீஸ் சுலபமா கிடைக்குது. ஆனால் அது இழுபடும் துணி, சில்லறை கனத்தில் தொங்கிப் போகும். உள்ளே காடாத் துணி கொடுத்துத் தைங்க. நைலான் கயிறு வழுக்கும், பருத்திக் கயிறே நல்லது. பையிலிருந்து காசு விழுந்தால் வாங்கினவங்க மறுபடி நம்மகிட்ட வரமாட்டாங்க.