அகில் மரமும் கண்ணாடிக் குடுவையும்

நம் ஆலயத்தின் பின்வேலியோரம் நின்ற அகில் மரத்தை மெய்யன்பர்கள் பலர் அறிவீர்கள். மலாய்க்காரர்கள் அதைக் கராஸ் என்பர். அதனுள் விளையும் நறுமணக் கட்டையைக் கஹாரு என்பர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலை குருக்கள் என்னை அழைத்துக் காட்டினார். மரம் வெட்டுண்டு கிடந்தது. பிளந்து பார்த்த திருடர்கள், உள்ளே வெறும் வெள்ளைக் கட்டையைக் கண்டு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

நலமான அகில் மரத்தில் மணம் கிடையாது. காயம் பட்டு, அதன் வழியே பூஞ்சை புகுந்தால், தன்னைக் காத்துக்கொள்ள மரம் பிசினைச் சுரக்கிறது. அப்பிசின் ஊறிக் கறுத்த கட்டைதான் நாம் புகைக்கும் அகில். சித்த, சீன மருந்துகளில் சேர்வதும் அதுவே. எந்த மரத்தில் இருக்கிறதென்று வெளியே தெரியாததால், கண்ட மரத்தையெல்லாம் வெட்டுகிறார்கள். 1995 முதல் இதன் அனைத்துலக வாணிபம் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அப்படியிருந்தும் 2018-இல் மிகவும் அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இம்மரம் சேர்க்கப்பட்டது.

விழுந்த மரத்தில் காய்கள் வெடித்து, விதைகள் நூலில் கட்டியதுபோல் தொங்கின. அவற்றைப் பொறுக்கி மைலோ டின்னில் போட்டு, தைப்பூசத்தன்று விதைக்கலாம் என்று இரண்டு மாதம் வைத்திருந்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. முப்பது வருடம் பள்ளியில் அறிவியல் நடத்தியவன் நான்! நெல்லைப்போல் இவ்விதையைக் காயவைத்துச் சேமிக்க இயலாது. உதிர்ந்த சில நாட்களிலேயே உயிர்ப்பை இழக்கத் தொடங்கும்.

திசு வளர்ப்புக் கூடத்தில் பணிபுரியும் என் பழைய மாணவி ஒருத்தி, "அடிக்கட்டை துளிர்த்திருக்கிறதா, சார்?" என்று கேட்டாள். துளிர்த்திருந்தது. கொழுந்துகளைக் கொய்து சென்றாள்.

அவள் காட்டிய முறையைச் சொல்கிறேன். கொழுந்தைக் கிருமிநாசினியில் கழுவி, நுனியைச் சிறு துண்டாக நறுக்கிக் கண்ணாடிக் குடுவையில் நடுகிறார்கள். மண்ணுக்குப் பதில், நம் வீடுகளில் பலகாரம் செய்யும் அதே அகார்-அகார். அதில் சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்திருக்கும். முராஷிகே, ஸ்கூக் என்ற இருவர் 1962-இல் புகையிலைத் திசுவுக்காக வகுத்த உப்புக் கலவையே இன்றும் பெரும்பாலும் அடிப்படை. சைட்டோகைனின் என்னும் ஊக்கி மிகுந்தால் தளிர்கள் கொத்தாகக் கிளைக்கும். அவற்றைப் பிரித்து ஆக்சின் சேர்ந்த குடுவைக்கு மாற்றினால் வேர் விடும். சொல்வது எளிது. ஒரு பூசண வித்து உள்ளே புகுந்தாலும் அந்தக் குடுவை பாழ். எங்கள் குடுவைகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் போயின. குடுவையின் ஈரத்தில் வளர்ந்த கன்றை வெயிலுக்குப் பழக்குவதற்குள் இன்னும் சில வாடிவிட்டன.

மிஞ்சியவை 9. அனைத்தும் நம் பழைய மரத்தின் அச்சு அசல். எனக்கு அது மகிழ்ச்சி. ஆனால் அந்த மாணவிக்கு அதுவே கவலை. ஒரே தாயின் பிரதிகளாயின், ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கக்கூடும். இனத்தைக் காக்கப் பல தாய்மரங்கள் வேண்டும் என்கிறாள். ஆகவே வேறு மரங்களின் விதைக்கன்றுகள் 6 தேடி வாங்கியிருக்கிறோம்.

15 கன்றுகளும் இப்போது மடப்பள்ளிக்குப் பின்னால் நிழல்வலையின் கீழ் இருக்கின்றன. வேலியை உயர்த்தும் செலவு அடுத்த குழுக் கூட்டத்தில் பேசப்படும். பழைய அடிக்கட்டையை யாரும் பெயர்க்க வேண்டாமென்று கேட்டிருக்கிறேன். அதில் மறுபடியும் துளிர் வந்திருக்கிறது.