விரைவைப் பின்தொடரும் கண்

ஓடும் பொருளின் விரைவை அசையாத படத்தில் எவ்வாறு காட்டுவது? ஒளிப்படக் கலைஞர்களை நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் இவ்வினா, மோட்டார் பந்தயக் களத்தில் மேலும் கூர்மை பெறுகிறது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம் இயங்கி வருகிறது. அதற்கு முன்னர், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடைபெற்றன. இத்தகைய களத்தில் முதன்முறையாகப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. காதைப் பிளக்கும் ஒலியுடன் பறந்த கார், படத்தில் சாலையோரம் நிறுத்தி வைத்த காரைப்போல் காட்சியளிக்கும்!

உறைந்துபோகும் வேகம்

இதற்குக் காரணம் ஷட்டரின் வேகமாகும். கேமராவுக்குள் ஒளியை விடும் கதவே ஷட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு நொடியில் 50 மீட்டர் கடக்கிறது. ஷட்டர் 1/2000 நொடி மட்டுமே திறந்திருந்தால், அதற்குள் கார் நகரும் தொலைவு வெறும் 2.5 சென்டிமீட்டர். எனவே காரும் தெளிவாகப் பதிகிறது. பின்னணியும் தெளிவாகப் பதிகிறது. எது ஓடியது, எது நின்றது என்னும் வேறுபாடு மறைந்துவிடுகிறது. மாறாக, கேமராவை அசைக்காமல் ஷட்டரை 1/60 நொடி திறந்து வைத்தால், கார் ஏறத்தாழ 83 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அப்போது பின்னணி தெளிவாக இருக்க, கார் மட்டும் வண்ணக் கீற்றாய்க் கலைந்துபோகும்.

உடன் திரும்பும் கருவி

இவ்விரு குறைகளையும் நீக்குவதே ‘பேனிங்’ என்னும் முறை. காரின் ஓட்டத்திற்கு ஏற்பக் கேமராவைத் திருப்பிக்கொண்டே, ஷட்டரைச் சற்று நீண்ட நேரம் திறந்து வைத்துப் படம் எடுப்பதே இதன் அடிப்படை. ஒரே வேகத்தில் ஒரே திசையில் அருகருகே செல்லும் இரு தொடர்வண்டிகளுள் ஒன்றில் இருப்பவருக்கு மற்றொன்று நிற்பதுபோல் தோன்றும். வெளியே உள்ள கம்பங்களோ பின்னோக்கி ஓடும். அவ்வாறே, உடன் திரும்பும் கேமராவுக்குக் கார் அசைவற்றதாகிறது. பின்னணி நீண்ட கோடுகளாய் வழிகிறது. காருடன் சேர்ந்து நகர்ந்தாலும் தம் அச்சில் சுழல்வதால், சக்கரங்களின் ஆரங்கள் மங்கலாகவே பதியும். அம்மங்கலே வேகத்தின் சான்று.

படம் எடுக்க வேண்டிய இடத்தை நோக்கிப் பாதங்களை ஊன்றி, வரும் காரை நோக்கி இடுப்புக்கு மேல் உடலைத் திருப்பி நிற்க வேண்டும். முழங்கைகள் உடலோடு ஒட்டியிருத்தல் நன்று. காரின் ஒரு புள்ளியைக் கண்ணால் பற்றிக்கொண்டு சீராகத் திரும்ப வேண்டும். பந்தை அடித்த பின்னும் மட்டையின் வீச்சு தொடர்வதுபோல, பொத்தானை அழுத்திய பின்னும் உடலின் சுழற்சி தொடர வேண்டும்.

கார் நேர் எதிரே கடக்கும் கணமே ஏற்றது. அக்கணத்தில் காருக்கும் கேமராவுக்கும் இடையிலான தொலைவு பெரிதும் மாறுவதில்லை; ஆகவே குவியம் தவறுவதும் குறைவு. எனினும், 25 மீட்டர் தொலைவில் நிற்பவர், மணிக்கு 180 கிலோமீட்டரில் செல்லும் காரை அவ்விடத்தில் தொடர, நொடிக்கு ஏறத்தாழ 115 பாகை வீதம் திரும்ப வேண்டியிருக்கும்!

வெயிலும் ஒரு சிக்கலே. நண்பகல் ஒளியில் ஷட்டர் நெடுநேரம் திறந்திருந்தால் படம் வெளுத்துவிடும். ஆகவே, லென்ஸின் துளையைச் சுருக்கி, ஐ.எஸ்.ஓ. அளவைக் குறைக்க வேண்டும். அதுவும் போதாதெனில், ஒளியைக் குறைக்கும் வடிகட்டியைப் பொருத்தலாம்.

பிழைகள் கற்பிக்கும் பாடம்

தொடக்கத்தில் 1/250 நொடியில் பழகி, கை தேர்ந்தபின் 1/125, 1/60 எனப் படிப்படியாகச் செல்வது நலம். தேர்ந்தவர்களுக்கும் பல படங்கள் வீணாகும். ஆனால், வீணான படம் ஒவ்வொன்றும் தன் காரணத்தைக் கூறும். பின்னணி தெளிந்து கார் கலைந்திருந்தால், பொத்தானை அழுத்துகையில் கை நின்றுவிட்டது எனலாம். உருவம் மேலும் கீழுமாய்க் குலைந்திருந்தால் சுழற்சி கிடைமட்டமாக இல்லை எனலாம். முன்பகுதி தெளிந்து பின்பகுதி மங்கியிருந்தால், கார் நேர் எதிரே வராதபோதே எடுக்கப்பட்டிருக்கலாம்.

பிரான்சு நாட்டு ஒளிப்படக் கலைஞர் ழாக் ஆன்றி லார்த்திக் (பிறப்பு: 1894) இளமையில் எடுத்த பந்தயக் காரின் படம் இங்கு எண்ணத்தக்கது. அவர் கேமராவைத் திருப்பினார். காரோ அதனினும் விரைந்தது. அக்காலக் கேமராவில் ஒளி புகும் பிளவு மெல்ல நகர்ந்ததால், காரின் சக்கரம் முன்னோக்கிச் சாய்ந்த முட்டை வடிவாயிற்று. பார்வையாளர்களோ எதிர்த்திசையில் சாய்ந்தனர். காரின் ஒரு பகுதி சட்டத்திற்கு வெளியே போயிற்று. ஆயினும், வேகத்தைக் காட்டும் படங்களுள் அது இன்றும் போற்றப்படுகிறது.

வெற்றிக் கோட்டை முதலில் தொட்டது எக்கார் என்பதைக் காட்ட விரைவான ஷட்டரே தேவை. அக்கார் எவ்வாறு ஓடியது என்பதை உணர்த்தப் பேனிங் வேண்டும். முன்னது நிகழ்வின் சான்று. பின்னது அனுபவத்தின் சான்று. எதைச் சொல்லப்போகிறோம் என்று தெளிந்த பின்னரே, ஷட்டரின் வேகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.