சைக்கிளைத் தடுக்க ஒரு மதில்!

செஞ்சியில் மூன்று மலைகளை வளைத்து மதில் கட்டினார்கள். எதிரிப் படையைத் தடுப்பதற்காக. ஐரோப்பிய நாடுகளும் ஒரு மதில் எழுப்பி இருக்கின்றன. வரி என்ற மதில். அது தடுப்பது சைக்கிளை!

பேட்டரியில் ஓடும் சீன சைக்கிள்கள் அங்கே மலிவாக வந்து குவிந்தன. உள்ளூர் உற்பத்தியாளர்கள் புகார் செய்தார்கள். 2017 அக்டோபரில் விசாரணை தொடங்கியது. அரசாங்க மானியத்தோடு, நியாய விலைக்கும் குறைவாக விற்கிறார்கள் என்று ஐரோப்பிய கமிஷன் முடிவு செய்தது.

2019 ஜனவரியில் வரி விழுந்தது. 100 ரூபாய் சரக்குக்கு, கம்பெனிக்குத் தக்கபடி, 18 ரூபாய் 80 காசு முதல் 79 ரூபாய் 30 காசு வரை!

தொழிலாளியின் வேலைக்குப் பாதுகாப்பு, சரி. வாங்குகிறவர் கதி? விலை கூடத்தானே செய்யும்! ஆனாலும் 2025 ஜனவரியில் மேலும் 5 ஆண்டுக்கு வரியை நீட்டிவிட்டார்கள்.

இந்தியாவிலும் இத்தகைய புகார்களை விசாரிக்க டெல்லியில் தனி இலாகா உண்டு.