பாஷை மாறிய கணினியும் நம் பாடல்களும்



பெஹாலாவில் டயமண்ட் ஹார்பர் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், வாடகைக் கட்டிடத்தில் கூடிவருகிறது எங்கள் சபை. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த குடும்பங்களின் காணிக்கையில் ஒரு கணினி வாங்கி, பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகப் பன்னிரண்டு பாடல்களைப் பதிவு செய்திருந்தோம். அவற்றில் நான்கைப் பாடிய தாயார் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். பின்பு அந்தக் கணினி தளர்ந்துபோகவே, அதை விற்றுப் புதியதொன்றை வாங்கினோம்.

தாயாரின் நினைவுக் கூட்டத்தன்று, கீபோர்டு வாசிக்கும் தம்பி அவர் பாடிய பாடலைத் திறந்தார். குரல் மட்டும் தனியாக ஒலித்தது. வீணை இல்லை, தபேலா இல்லை, வயலின் இல்லை. "பாஸ்டர் ஐயா, ப்ளக்-இன்கள் இந்தப் புது பிராசஸரில் திறக்க மறுக்கின்றன" என்றார். தாயாரின் மகள் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

குரல் நின்றது, வீணை போனதேன்?

குரலை மைக் வழியாக ஒலியாகவே பதிவு செய்கிறோம். ஆனால் கீபோர்டில் வாசிக்கும் வீணையோ ஒலியாகப் பதிவதில்லை. எந்தக் கட்டை, எப்பொழுது, எவ்வளவு அழுத்தத்தில் என்ற குறிப்பு மாத்திரமே பதிவாகிறது. அக்குறிப்பைப் பார்த்து ஒவ்வொரு முறையும் ஒலியைப் பிறப்பிப்பது ப்ளக்-இன் என்னும் துணை மென்பொருள். அது இயங்காவிட்டால் குறிப்பு இருக்கும், ஓசை இராது.

பிராசஸர்களுக்கும் பாஷை உண்டு. இன்டெல், ஏஎம்டி வகைக்கு ஒரு பாஷை. ஆர்ம் வகைக்கு வேறொரு பாஷை. ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணினிகளை 1994-ல் பவர்பிசிக்கும், 2006-ல் இன்டெலுக்கும், 2020 நவம்பரில் எம்1 என்னும் ஆர்ம் வகைக்கும் மாற்றியது. பழைய மென்பொருளைப் புதிய பாஷைக்குப் பெயர்த்துச் சொல்ல ரோசெட்டா என்றொரு மொழிபெயர்ப்பாளனையும் உடன் வைத்தது. ஆனால் 2006-ல் வந்த முதல் ரோசெட்டா 2011-ல் நீக்கப்பட்டது. இப்போதுள்ள இரண்டாம் ரோசெட்டாவும் மேக்ஓஎஸ் 27 வரையே முழுமையாகக் கிடைக்கும் என்று 2025-ல் அறிவிக்கப்பட்டது. 32-பிட் ப்ளக்-இன்களோ 2019-ல் வந்த கேட்டலினா பதிப்போடு மேக்கில் ஓய்ந்துவிட்டன.

விண்டோஸிலும் இதே நிலைதான். 2024-ல் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் மடிக்கணினிகளில் பிரிஸம் என்னும் மொழிபெயர்ப்பு வசதி உண்டு. ஆயினும் ஒலிப்பதிவுக் கருவிகளை இயக்கும் டிரைவர்களை அது பெயர்ப்பதில்லை; அவை ஆர்மிற்கென்றே எழுதப்பட்டிருக்கவேண்டும்.

வியாக்கியானம் பண்ணுகிறவர் இல்லாதபோது அந்நியபாஷை பேசுகிறவர் சபையில் அமர்ந்திருக்கும்படி பவுல் ஒழுங்கு செய்தார் (1 கொரிந்தியர் 14:28). எங்கள் வீணையும் அன்று அப்படியே அமர்ந்துவிட்டது.

முதலில் செலவைக் கணக்கிடுங்கள்

கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும்படி ஆண்டவர் போதித்தார் (லூக்கா 14:28). நாங்கள் அதைச் செய்யவில்லை. நீங்களாவது செய்யுங்கள்:

1. புதுக் கணினி வாங்குமுன், பயன்படுத்தும் ப்ளக்-இன்கள், ஒலிப்பதிவுக் கருவிகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். புதிய பிராசஸரில் அவை நேரடியாக இயங்குமா என்று தயாரிப்பாளரின் குறிப்பில் பாருங்கள்.

2. பாடல் முடிந்தவுடனே ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி வேவ் கோப்பாக மாற்றி வையுங்கள். ஒலியாக மாறியது எந்தக் கணினியிலும் ஒலிக்கும். மிடி குறிப்பையும் சேர்த்து வையுங்கள். இரண்டு பிரதிகள் இருக்கட்டும். ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

3. எல்லாப் பாடல்களும் புதியதில் திறக்கும்வரை பழைய கணினியை விற்காதீர்கள். உரிமம் பழைய கணினியோடு கட்டப்பட்டிருந்தால், விற்குமுன் அதை விடுவித்துக்கொள்ளுங்கள்.

4. கன்வென்ஷனுக்கும் கிறிஸ்துமஸுக்கும் முந்தின வாரத்தில் எதையும் அப்டேட் செய்யாதீர்கள்.

ஓர் அறிக்கை

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். திறக்க மறுத்தவற்றில் இரண்டு, விலைகொடாமல் நகலெடுக்கப்பட்டவை என்று அன்றுதான் அறிந்தேன். விலைகொடுத்து வாங்கியிருந்தால் தயாரிப்பாளரிடம் புதிய பதிப்பைக் கேட்கலாம். திருடினதற்கு யாரிடம் போய்க் கேட்பது? தம்பியை நான் கடிந்துகொள்ளவில்லை. காசில்லாத சபைக்கு இவ்வளவு வாத்தியங்கள் எங்கிருந்து வந்தன என்று ஒருநாளும் விசாரியாதிருந்த மேய்ப்பன் நானே. திருடினவன் இனித் திருடாதிருக்கவேண்டும் என்ற ஆலோசனை (எபேசியர் 4:28) முதலாவது எனக்கே உரைத்தது. அவ்விரண்டையும் நீக்கிவிட்டோம். மேக்கில் கராஜ்பேண்ட் இலவசமாகவே கிடைக்கிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் எல்எம்எம்எஸ் உண்டு. எளிய சபைக்கு இவை போதுமானவை. மிடி குறிப்புகள் பிழைத்திருந்தபடியால், தம்பி வேறு ஒலிகளைக் கொண்டு பாடல்களைத் திரும்பக் கட்டிவருகிறார். பழைய வீணையின் ஓசை வரவில்லை. ஆனாலும் மனச்சாட்சி சுத்தமாயிருக்கிறது.

அன்றைய கூட்டம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். மூப்பர் ஒருவர் எழுந்து மூலையிலிருந்த ஆர்மோனியத்தை எடுத்துவந்தார். கைத்துருத்தி ஆர்மோனியத்தை 19-ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தவராகக் கருதப்படும் துவாரகாநாத் கோஷ் இந்தக் கொல்கத்தா நகரத்தவரே. மூப்பர் சுருதி பிடிக்க, தாயாரின் குரல் மறுபடியும் ஒலித்தது. சபையார் கண்ணீரோடு சேர்ந்து பாடினார்கள். மகளும் பாடினார்.

பிரியமானவர்களே, கருவிகள் மாறும். அவற்றின் பாஷையும் மாறும். கர்த்தர் நம் கையில் தந்த பாடல்களை உத்தமமாய்க் காத்துக்கொள்ளுவோம். அவர்தாமே உங்கள் சபைகளையும் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.