காரின் சுவாசப் பாதையைக் கழுவத்தான் வேண்டுமா?

சென்ற மாதம் எமது காரைச் சேர்விசுக்கு விட்டிருந்தோம். எண்ணெய் மாற்றி முடிந்ததும் அங்கு வேலை செய்யும் இளைஞர் எம்மிடம் வந்து, “ஐயா, எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழி முழுவதும் கரி பிடித்திருக்கும். கழுவிவிட்டால் பெற்றோல் மிச்சமாகும்” என்றார். அவர் கூறிய கூலியோ எண்ணெய் மாற்றிய செலவிலும் அதிகம். “கரி இருப்பதைப் பார்த்தீரா, தம்பி?” என வினவினோம். “பார்க்கவில்லை, ஐயா. எல்லாக் கார்களிலும் இருக்கும்” என்றார். பிள்ளைகளின் ரியூசன் கட்டணம் நினைவுக்கு வரவே, ஒரு வாரத் தவணை சொல்லி வீடு திரும்பினோம்.

ஒரு லீற்றர் பெற்றோல் செவ்வையாக எரிவதற்கு ஏறக்குறைய 9000 லீற்றர் காற்று வேண்டும். அத்தனையும் முதலில் வடிதாளின் ஊடாகவும், பின்னர் ரப்பர்க் குழாய், திறொட்டில் எனப்படும் வட்டத் தகடு, கிளைக்குழாய்கள் ஆகியவற்றைக் கடந்தும் வால்வை அடைகின்றது. வடிதாள் நன்றாயிருக்குமாயின் அதற்கு அப்பால் படியும் அழுக்கு தெருவிலிருந்து வந்ததன்று. எஞ்சின் தானே உண்டாக்கியது. எஞ்சினின் அடியிலிருந்து எழும் எண்ணெய் ஆவியை வெளியே விட்டால் ஊர்க் காற்று மாசுறும் என்பதனால், அதனை இப்பாதையிலேயே திருப்பி விடுகின்றனர். அவ்வாவியே படிந்து கரியாகின்றது.

இக்கரி எவ்வளவு தீங்கு செய்யும் என்பது பெற்றோல் எங்கே தெளிக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்தது. வால்வுக்கு முன்னே தெளிக்கும் எஞ்சினில் பெற்றோலே வால்வை இடைவிடாது கழுவிக்கொண்டிருக்கும். அதற்குக் கூலி கொடுத்துக் கழுவுவிப்பது பெரும்பாலும் வீண். 1996 இல் மிற்சுபிசி நிறுவனம் பெருமளவில் விற்பனைக்குக் கொணர்ந்த வகையில் பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் பீச்சப்படுகின்றது. ஆதலின் உள்வால்வின் முதுகில் ஒரு துளி பெற்றோலும் படுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் கரி தடித்துவிடும். காலையில் எஞ்சின் நடுங்குதல், இடையிடையே வெடி தவறுதல், இழுவை குறைதல் ஆகிய குறிகள் தோன்றின், கழற்றிப் பார்த்துத் துப்புரவாக்குவது தக்கதே. வால்நட் கொட்டையின் ஓட்டுத்தூளைக் காற்றழுத்தத்தால் வீசிக் கரியை உதிர்க்கும் முறை இதற்கு உண்டு. குழாய் வாயில் மருந்தைத் தெளிப்பதனால் மட்டும் இறுகிய கரி முற்றாகப் போய்விடாது. டீசல் எஞ்சின்களிலோ புகையின் ஒரு பகுதியும் உள்ளே திருப்பப்படுவதால், எண்ணெயும் புகைக்கரியும் குழைந்து தார் போலப் பாதையை அடைத்துவிடுவதுண்டு. அங்கும் செலவு வீண்போகாது.

இனி, பெற்றோல் மிச்சம் என்ற பேச்சு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், வடிகட்டி அடைபட்டிருந்தபோதும் கணினியால் ஆளப்படும் புதிய பெற்றோல் கார்களின் எரிபொருட் செலவு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. வேகம் பிடிக்கும் ஆற்றலே குறைந்தது. வருங் காற்றை அளந்து அதற்கேற்பக் கணினி பெற்றோலை விடுவதே காரணம். காபுரேற்றர் பூட்டிய பழைய கார்களின் கதை வேறு.

கைவைத்தியம் செய்வோர்க்கு ஒரு சொல்: காற்றை அளக்கும் கருவியிலுள்ள கம்பி மிக மெல்லியது, கண்ட மருந்தையும் அதன்மேல் அடித்தால் கருவியே பாழாகும். வடிதாளின்மீது பலத்த காற்றை ஊதுவதும் கூடாது. தாள் கிழிந்தால் உள்ளே செல்லும் மணல் சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

எமது கார் வால்வுக்கு முன்னே தெளிக்கும் வகையினது. ஞாயிறு காலை வடிகட்டிப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். தாளில் செம்மண் படிந்திருந்தது, அது எதிர்பார்த்ததே. ஆனால் அதற்கப்பாலுள்ள ரப்பர்க் குழாயின் மடிப்பில் விரல்நக நீளத்திற்கு ஒரு வெடிப்பு. அதன் உட்புறத்தே செம்மண் கோடு. எவ்வளவு மருந்தடித்திருந்தாலும் அவ்வெடிப்பு அடைந்திராது. மறுநாள் அதே இளைஞரிடம் காட்டினோம். சற்று நாணத்துடன் குழாயை மாற்றித் தந்தார். கழற்றிய கையோடு திறொட்டில் தகட்டையும் துணியால் துடைத்துவிட்டார். அதற்குக் காசு கேட்கவில்லை.