வெள்ளிக்கிழமையன்று மறைந்த வெள்ளி

2023ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. யுகாதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ரம்ஜான் நோன்பும் அன்றுதான் தொடங்கியிருந்தது. அந்த மாலையில் ஆனேக்கல் வானத்தில் வெள்ளிக் கிரகம் நிலாவுக்குப் பின்னால் போய் மறைந்து, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபுறம் வெளியே வந்தது. இதை வானியலார் 'கோள் மறைப்பு' என்பார்கள். சூரியனை நிலா மறைத்தால் நமக்குத் தெரிகிறது, பத்திரிகையில் வருகிறது, கோயில் நடை சாத்துகிறார்கள். ஒரு கோளை மறைத்தால் பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் இந்தச் சின்ன மறைப்பு சொல்லித் தரும் பாடம் பெரியது. அதை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

நான் விஞ்ஞானி அல்லன். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா படித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். கடிகாரத்தையும் அளவுகோலையும் நம்பி வாழ்ந்த பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

சுக்கிரனுக்கு என்ன ஆச்சு?

அந்த வாரம் கைப்பேசிகளில் செய்திகள் பறந்தன. 'சுக்கிரன் மறைகிறான், சுப காரியம் பேசாதீர்கள்' என்று ஒன்று. எங்கள் தெருவில் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அவருக்கு ஜிகணியில் தொழிற்சாலை வேலை. அந்த வெள்ளிக்கிழமை மாலை மூத்த பெண்ணைப் பார்க்க ஓசூரிலிருந்து வருவதாக இருந்தார்கள். காலையிலேயே அவர் என்னிடம் வந்தார்.

"சார், சுக்கிரன் மறையறப்ப பொண்ணு பாக்கறது ஆகாதாமே. ஊர்ல அம்மா வேண்டாங்கறாங்க. வரச் சொல்றதா, நிறுத்தறதா?"

பெரியவர்களின் நம்பிக்கையைக் கேலி செய்வது எனக்குப் பிடிக்காது. பஞ்சாங்கத்தில் 'சுக்கிர மூடம்' என்று ஒன்று உண்டு. அந்த நாட்களில் திருமணம் வைக்க மாட்டார்கள். அது வெள்ளி சூரியனுக்கு மிக அருகில் போய், சூரிய வெளிச்சத்தில் பல நாள் கண்ணுக்குத் தெரியாமல் போகும் காலம். இது அதுவல்ல. வெள்ளி அப்போது சூரியனை விட்டு நன்றாக விலகி, ஒவ்வொரு மாலையும் மேற்கே ஜொலித்துக்கொண்டிருந்தது. நடுவில் நிலா கொஞ்ச நேரம் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். பிளாட்பாரத்தில் நிற்கும் ரயிலை முன்னால் போகும் கூட்ஸ் வண்டி மறைத்தால், மறைந்த ரயிலுக்கு ஏதாவது ஆகிவிடுமா? இதைத்தான் அவரிடம் சொன்னேன். அவர் தம் தாயாருக்குப் போன் போட்டு, அதையே தம் பாஷையில் சொன்னார். அவர்கள் வந்தார்கள்.

வெறும் ஆகாயத்தில் மறைந்தது

நாலு மணிக்கு மேல் மாடிக்குப் போனேன். தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் கூடவே வந்தார்கள். பைனாகுலரோடு பகலில் வானத்தைப் பார்ப்பது ஆபத்தானது. தவறிச் சூரியன் பட்டால் கண் போய்விடும். ஆகவே தண்ணீர்த் தொட்டியின் நிழலில், சூரியன் தெரியாதபடி எல்லோரையும் நிறுத்தினேன். அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். நீல வானத்தில் பிறையைத் தேடிப் பிடிக்கவே நேரமாயிற்று. அதற்கு மேலே, கிழக்குப் பக்கமாக, ஊசி முனை போல வெள்ளி.

பிறையின் ஒளி விளிம்புக்கும் வெள்ளிக்கும் இடையே நிறைய இடம் இருப்பதாகத் தெரிந்தது. அந்த இடத்தில் வெறும் நீலம்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளி மங்கத் தொடங்கி, அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்தில் இல்லாமல் போயிற்று. பிறையைத் தொடவே இல்லை. வெறும் ஆகாயத்தில் மறைந்துவிட்டது!

"தாத்தா, பிறை அங்க இருக்கு. வெள்ளி இங்கயே காணாமப் போயிடுச்சே?" என்றாள் இளைய பெண்.

அதுதான் முதல் பாடம். பிறை என்பது முழு நிலா அல்ல. வெளிச்சம் படாத மீதிப் பகுதியும் அங்கேயே இருக்கிறது. நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. இருக்கும் நிலாவை வெள்ளி தன் மறைவால் நமக்குக் காட்டிக்கொடுத்தது. பிறையின் இரண்டு கொம்புகளுக்கு நடுவே நட்சத்திரம் வரையும் பிள்ளைகள் இனி யோசிப்பார்கள்.

இரண்டாவது பாடம் அந்த அரை நிமிஷம். நட்சத்திரங்கள் மிகத் தொலைவில் இருப்பதால் வெறும் புள்ளிகள். நிலாவின் விளிம்பு பட்டதும் சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று மறையும். வெள்ளி புள்ளி அல்ல, ஒரு தட்டு. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. நட்சத்திரம் அப்படிச் சட்டென்று மறைவதே நிலாவில் சொல்லத்தக்க காற்று இல்லை என்பதற்கும் சாட்சி. காற்று இருந்தால் விளிம்பை நெருங்கும்போதே ஒளி தேய்ந்திருக்கும்.

மூன்றாவது பாடம் மிகப் பழையது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், அரை நிலாவின் இருண்ட பக்கத்தில் செவ்வாய் மறைந்து ஒளியுள்ள பக்கத்தில் வெளிப்பட்டதைப் பார்த்து எழுதி வைத்தார். ஆகவே செவ்வாய் நிலாவைவிடத் தூரத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டினார். அளவுகோல் இல்லாமலே முன்பின் வரிசை தெரிந்துவிட்டது.

சூரியன் மறைவதற்கு முன்பே வெள்ளி பிறையின் ஒளிப் பக்கத்தில் வெளியே வந்தது. இருட்டியபோது பிறைக்குக் கீழே, ஏறத்தாழ ஒரு நிலா அகலம் தள்ளி, பதக்கம் போலத் தொங்கிற்று. நோன்பு திறந்துவிட்டு மாடிக்கு வந்த அண்டை வீட்டாரும் பார்த்து மகிழ்ந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களும் காப்பி டம்ளரோடு வாசலுக்கு வந்து பார்த்தார்கள். நிலா அஸ்தமிக்கும்போது இடைவெளி மூன்று மடங்காகியிருந்தது. நிலா கிழக்கு நோக்கி நகர்வதைக் கண்ணாலேயே அளந்துவிட்டோம்.

ஏன் மாதாமாதம் நடப்பதில்லை?

நிலா மாதம் ஒருமுறை எல்லாக் கோள்களையும் கடந்து போகிறது. ஆனால் அதன் பாதை பூமியின் பாதைத் தளத்துக்கு 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. நிலாவின் அகலமோ அரை டிகிரிதான். ஆகவே பெரும்பாலும் மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடும்.

இன்னொன்று, பார்க்கும் இடம். நிலா சராசரி 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆனேக்கலில் இருப்பவருக்கும் தில்லியில் இருப்பவருக்கும் ஒரே நொடியில் நிலா தெரியும் இடம், அதன் அகலத்தில் ஏறக்குறைய பாதி அளவு வரை வேறுபடக்கூடும். அதனால் ஓர் ஊரில் மறைப்பு, இன்னோர் ஊரில் வெறும் நெருக்கம். அன்று கனடாவில் இருக்கும் நம் உறவினர்களுக்கு இருட்டியபோது நிலா வெள்ளியைத் தாண்டி மூன்று நான்கு விரல் அகலம் போய்விட்டிருந்தது.

ரயில் நேரமும் நிலாவும்

இடத்துக்கு இடம் நேரம் மாறும் இந்தக் குணத்தையே பழைய நாளில் உபயோகப்படுத்திக்கொண்டார்கள். நிலா ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் நேரத்தையும், வியாழனின் துணைக்கோள்கள் மறையும் நேரத்தையும் உள்ளூர்க் கடிகாரத்தில் குறித்து, கிரீன்விச் கணக்கோடு ஒப்பிட்டு ஊரின் தீர்க்கரேகையைக் கண்டார்கள். 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுந்ததும் இப்படிப்பட்ட வேலைகளுக்காகத்தான். தமிழிலும் வாசகம் பொறித்த அதன் கருங்கல் தூண் அங்கே இருக்கிறது. கோல்டிங்ஹாம் என்பவர் வியாழனின் துணைக்கோள் மறைப்புகளைக் கொண்டு சென்னையின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார். அந்தச் சென்னை நேரத்தில்தான் இந்திய ரயில்கள் ஓடின. 1906இல்தான் இன்றைய இந்திய நேரம் வந்தது. வானத்து மறைப்பைக் கவனித்தவர்கள் தயவில்தான் எங்கள் இலாகாவின் கால அட்டவணையே பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அந்த ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874இல் வெள்ளி சூரியனுக்கு முன்னால் கடந்து போனபோது, சாதாரண ஜனங்கள் பயப்படாமல் புரிந்துகொள்ளும்படி சிறு நூல் எழுதி வெளியிட்டார். தர்மபுரிக்காரருக்கு நான் சொன்னது அவர் செய்ததில் ஒரு துளிதான்.

காவலூரில் கிடைத்த புதையல்

அந்த ஆய்வகமும் நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்ததுதான்! 1899இல் கொடைக்கானலுக்குப் போயிற்று. 1971இல் இந்திய வானியற்பியல் நிறுவனமாக உருவெடுத்து, இன்று நம் பெங்களூரு கோரமங்கலாவில் தலைமையகம் கொண்டிருக்கிறது. அதன் தொலைநோக்கிகள் வாணியம்பாடிக்குத் தெற்கே, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் இருக்கின்றன.

1972 ஜூன் 7ஆம் தேதி வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்ததைக் காவலூரில் பதிவு செய்தார்கள். 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் ஒரு விண்மீனை நெருங்கிய இரவில், அங்கே பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் காத்திருந்தார்கள். கோள் மறைக்கும் நேரம் வருவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் குறைந்தது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கிறது போலும் என்று எண்ணினார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் பறந்தபடி அதே காட்சியைப் பதிவு செய்த அமெரிக்கர் ஜேம்ஸ் எலியட் குழுவினருக்கோ, கோளின் இரு பக்கமும் அப்படிப் பலமுறை ஒளி குறைந்தது தெரிந்தது. குறைத்தவை வளையங்கள்! தொலைநோக்கியில் அதுவரை யாரும் கண்டிராத யுரேனஸின் வளையங்களை, அவை மறைத்த ஒளியே காட்டிக்கொடுத்தது.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். கோள் மறைப்புக்குப் பல காலம் காத்திருக்க நேரலாம்; அதுவரை நட்சத்திரங்களைக் காட்டுங்கள். மிகப் பிரகாசமான விண்மீன்களில் ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை இந்த நாலும்தான் நிலா மறைக்கக்கூடியவை. நம் வீட்டில் பிறந்த நட்சத்திரம் கேட்டால் சொல்லும் பெயர்கள்தாம் இவை. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களைத் தமிழில் சொல்லி, விரல் நீட்டிக் காட்டுங்கள். நிலா பக்கத்தில் நெருங்கும் இரவில் ஒரு கைக்கடிகாரத்தையும் நோட்டையும் கொடுத்து மாடிக்கு அழைத்துப் போங்கள். எத்தனை மணிக்கு எங்கே இருந்தது என்று அவர்களே எழுதட்டும்.