பாகூர் பத்திரம் பாரீஸில்!

"மாப்ளே, மூலப் பத்திரத்தைக் காணோம்!"

மாமனார் போனில் அலறியதில் என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் அம்பேல். பாகூரில் அவருக்குக் கொஞ்சம் நிலம். வாங்க ஆள் ரெடி, பத்திரம்தான் மிஸ்ஸிங். பி.காம். படித்த மாப்பிள்ளை என்றால் வீட்டில் தொலைகிற எல்லாக் காகிதத்துக்கும் அவன்தானே ஜவாப்தாரி!

புதுச்சேரியிலிருந்து தெற்கே 20 கிலோமீட்டர் பஸ். பரணில் ஏறி இரண்டு மணி நேரம் தும்மியதுதான் மிச்சம். மனசு ஆறட்டும் என்று கோயிலுக்குக் கிளம்பினோம்.

"மூலப் பத்திரம் இல்லாதவனுக்கு மூலநாதர்தான் துணை" என்றார் மாமா. கஷ்டத்திலும் சிலேடை!

சோழர் காலத்து மூலநாதர் கோயில். சுவர் முழுக்கக் கல்வெட்டு. 949-ல் தக்கோலத்தில் சோழரை ஜெயித்த ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் 'கன்னரதேவன்' என்ற பெயரில் இங்கே ஆஜர். ராஜா மாறினால் தலைப்பு மாறும், பதிவு மட்டும் நிற்காது போலிருக்கிறது!

எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது. "மாமா, இந்த ஊருக்கே ஒரு மூலப் பத்திரம் இருக்கு. செம்புல!"

1879-ல் இங்கே கிடைத்த ஐந்து செப்பேடுகளைச் சொன்னேன். 9-ஆம் நூற்றாண்டு, பல்லவன் நிருபதுங்கனின் 8-ஆம் ஆட்சியாண்டு. வடமொழியும் தமிழுமாக எழுதியது. 'வாகூர்' என்றிருந்த இந்த ஊரில் நடந்த கல்லூரிக்கு சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று மூன்று கிராமங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லை, வரி விலக்கு எல்லாம் பக்கா!

"நம்ம பாகூர்ல காலேஜா? அப்பவேவா?"

வேதம், மீமாம்சை, நியாயம், புராணம் என்று பதினான்கு வித்தைகள். அக்கவுண்டன்ஸி கிடையாது. என் கொள்ளுத்தாத்தாவுக்கு அங்கே சீட் கிடைத்திருக்காது என்பது வேறு விஷயம். ஆனாலும் ஒருதடவை நன்கொடை கொடுத்து போட்டோ பிடித்துக்கொள்ளாமல், வருஷா வருஷம் விளைச்சல் வருகிற மாதிரி கிராமத்தையே கொடுத்தார்களே... என் காமர்ஸ் மூளை சலாம் போட்டது அங்கேதான். வாத்தியார் சம்பளம் பாக்கி நிற்காதே, ஸார்! வில்லியனூர் தாண்டித் திருபுவனையில் 1048-ஆம் வருஷக் கல்வெட்டு ஒன்று, 260 மாணவர், 12 ஆசிரியர் என்று தலையெண்ணிக்கையே சொல்கிறது.

"அந்தச் செப்பேடு எங்க? உள்ளதான் வச்சிருக்காங்களா?" மாமா கர்ப்பக்கிரகப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இல்ல மாமா. பிரெஞ்சுக்காரன் காலத்துலயே பாரீஸ் தேசிய நூலகத்துக்குப் போயிடுச்சு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிரகாரத்தில் ஒரு சுற்று வந்தார்.

"நம்ம பத்திரமாவது பரண்ல எங்கயாச்சும் கெடக்கும். ஊர்ப் பத்திரத்தைப் பாக்க பாஸ்போர்ட் எடுக்கணுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

"ஜெராக்ஸாவது எடுத்து வச்சிருக்காங்களா மாப்ளே?"

"இருக்கு மாமா. 'எபிகிராபியா இண்டிகா'ன்னு ஒரு புத்தக வரிசை, அதுல பதினெட்டாவது தொகுதியில முழுசா அச்சாயிருக்கு."

முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப நாமளும் நகலுக்கு மனு போட்டுடலாம். நாளைக்கு ஆபீஸுக்கு லீவு சொல்லிடுங்க!"